அந்த ஒன்பது நாள்

மதிப்பிற்குரிய மேடம்,

இதற்கெல்லாமா கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 3-வது சீசனில் காதலர்களான ரோஸும் ரேச்சலும் பிரிகிற 15, 16-வது எபிசோடுகள்தான் விஷயம். 1997 பிப்ரவரியில் அடுத்தடுத்த வாரங்களில் வந்தவை. நானும் என் கணவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து பழைய தொடர்கள் பார்ப்பது வழக்கம். இந்த இரண்டையும் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நாலு பேரும் ரோஸ் பக்கம். "பிரேக், கொஞ்சம் பிரிந்திருக்கலாம் என்று வாயைத் திறந்து சொன்னதே ரேச்சல்தானே, அப்புறம் அவன் யாரோடு போனால் அவளுக்கென்ன?" என்கிறார்கள். காபிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடையில் பிடித்த வேலை கிடைத்து, இப்போதுதான் காலூன்றுகிறாள். அன்றைக்கு அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. இவனோ ஆண்டு நிறைவைக் கொண்டாடப் பிக்னிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மேஜைக்கே வந்து நிற்கிறான். அது போதாதென்று, கூட வேலை செய்யும் மார்க் மேல் ஓயாத சந்தேகம். எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

பிரேக் என்று சொல்லி ஒரு இரவு தாண்டவில்லை. அதற்குள் ஜெராக்ஸ் கடைப் பெண் க்ளோயியோடு போய்விட்டான். இதை நியாயம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? மற்றவர்களைவிட என் கணவர்தான் அழுத்தமாகச் சொல்கிறார். "பிரேக் என்றால் பிரேக்தான். அதற்குப் பிறகு கேள்வி கேட்க உரிமை கிடையாது" என்று போன வாரம்கூட எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னார். (போன வருஷம் எங்களுக்குள்ளும் ஒரு சண்டை வந்து அவர் ஒன்பது நாள் அண்ணன் வீட்டில் இருந்தார், கொஞ்சம் தள்ளி இருக்கலாம் என்று நான்தான் சொன்னேன், அது வேறு விஷயம்.) மறுநாள் காலையிலேயே ரேச்சல் சமாதானமாகி அவன் வீட்டுக்கு வருகிறாள். க்ளோயி கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் ரோஸுக்குப் பரிந்து பேசுகிறவர்களை என்ன செய்வது?

மறுபடியும் சொல்கிறேன், அலுவலகத்துக்குக் கூடையோடு வந்ததுதான் முதல் தப்பு. யார் சொல்வது சரி? நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. மற்ற வரிகளையெல்லாம் நீங்கள் அந்த நாலு பேரிடமும் பல தடவை சொல்லியிருப்பீர்கள். இந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அதனால் அதை எடுத்துக்கொள்கிறேன். அதை "வேறு விஷயம்" என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அதுதான் விஷயமாகத் தெரிகிறது.

15-வது எபிசோடில் அந்தச் சண்டை முடிகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். ரேச்சல் பிரேக் எடுக்கலாமா என்கிறாள். ரோஸ் உடனே சரி என்கிறான். வெளியே போய் ஃப்ரோசன் யோகர்ட் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்கிறான். சண்டையை அரை மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்கிறாள் என்றுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. இல்லை, நம் உறவிலிருந்தே பிரேக் என்று அவள் திருத்துகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். எத்தனை நாளைக்கு? அதுவரை நாம் ஒருவருக்கொருவர் யார்? ஃபோன் செய்யலாமா, கூடாதா? அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் அதைக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் இடைவெளி என்று வைத்துக்கொண்டாள். அவனுக்கு எல்லாம் முடிந்துபோனது போல இருந்தது. பத்து சீசன் முடிந்து, 2004-இல் தொடரின் கடைசி எபிசோடு வரைக்கும் அந்தச் சொல் அவர்களை விடவில்லை. அங்கேகூட ரோஸ் பிரேக் பேச்சை ஒரு தடவை இழுக்கிறான்.

நீங்கள் கூடையை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், க்ளோயி ஒளிந்த கதவை எழுதியிருக்கிறீர்கள். நடுவில் வந்த ஒரு ஃபோனை மட்டும் விட்டுவிட்டீர்கள். க்ளோயியிடம் போவதற்கு முன்னால் ரோஸ் ரேச்சலுக்கு ஃபோன் செய்கிறான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான், அவளுக்கும் மனசு இளகுகிறது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து மார்க்கின் குரல் கேட்கிறது. யார் அது என்றால், யாருமில்லை என்கிறாள். ஆறுதல் சொல்ல வந்தவனை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் மறைக்கிறாள். ரோஸ் செய்ததை அது நியாயமாக்கிவிடாது. ஆனால் தொடரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற உங்களுக்கு இந்தக் காட்சி நினைவில்லாமல் போயிருக்காது. அதைச் சொன்னால் ரேச்சலுக்கும் இதில் பங்கு உண்டு என்றாகிவிடும். உங்கள் வீட்டில் ரேச்சலின் இடத்தில் நின்றது நீங்கள்தான்.

ஆமாம், தள்ளி இருக்கலாம் என்று சொன்னது நீங்கள். சொன்னதில் தவறில்லை. சில சண்டைகளுக்கு இடைவெளி தேவைதான். ஆனால் "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்பதை, சொன்னவர்தான் சொல்லியாக வேண்டும். போகச் சொல்லப்பட்டவருக்கு அந்த ஒரு சொல்லைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. அந்த ஒன்பது நாளில் ஏதாவது நடந்ததா என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவர் ரோஸுக்காகப் பேசும்போதெல்லாம் உங்களுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் போலக் கேட்கிறது.

அது வாக்குமூலம் இல்லை அம்மா. "பிரேக் என்றால் பிரேக்தான்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னால், போகச் சொன்ன வலி இன்னும் ஆறவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்காதவரை உங்களுக்கும் தெரியாது. தொலைக்காட்சி பார்க்கும்போது சொன்ன கருத்தை வைத்து ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

16-வது எபிசோடில் விஷயம் ரேச்சலுக்குப் போகாமல் தடுக்க ரோஸ் பரபரவென்று ஓடுகிறானே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் க்ளோயி. அவள் தன்னோடு வேலை செய்யும் ஐசக்கிடம் சொல்லியிருக்கிறாள். ஐசக்கின் சகோதரி ஜாஸ்மின், இவர்களுடைய தோழி ஃபீபியோடு மசாஜ் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஜாஸ்மின் தன் அறைத்தோழன், காபிக் கடையில் வேலை பார்க்கும் கன்தரிடம் சொல்லிவிட்டாள். கன்தர் வழியாக ரேச்சலுக்குப் போய்ச் சேர்ந்தேவிடுகிறது. ஊரெல்லாம் ஓடியவன், அன்று காலை தன் வீட்டுக்கே வந்து நின்ற ரேச்சலிடம் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் அப்படித்தான் சுற்றி வருகிறீர்கள். மூன்று நண்பர்களிடம் வாதாடியாயிற்று, இப்போது என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவர் அதே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எபிசோடு ஓடாத ஒரு நாளில், நண்பர்கள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். முதலில் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்: "அன்றைக்கு நான் தள்ளி இருக்கலாம் என்றது இந்த அர்த்தத்தில். எத்தனை நாள் என்று சொல்லாதது என் தப்பு." பிறகு ஒரே கேள்வி: "அந்த ஒன்பது நாளும் உங்களுக்கு எப்படி இருந்தது?" "யாரையாவது பார்த்தீர்களா" என்று ஆரம்பித்தால் அவர் தற்காத்துக்கொள்ளத்தான் பேசுவார். அவர் பேசும்போது ரோஸ் பெயரை இழுக்காதீர்கள். பதில் வலிக்கும்படியாகவும் இருக்கலாம், அதற்குத் தயாராகாமல் கேட்க வேண்டாம். அப்படியே இருந்தாலும், முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டால்தான் ஆயிற்று என்று நிபந்தனை போடாதீர்கள். 4-வது சீசனின் தொடக்கத்தில் ரேச்சல் அதைத்தான் முன்னும் பின்னுமாக 18 பக்கம் எழுதிக் கொடுக்கிறாள். ரோஸ் படிக்கும்போதே தூங்கிவிடுகிறான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சம்மதம் சொல்கிறான். சேர்ந்தவர்கள் மறுபடியும் பிரிகிறார்கள்.

தீர்ப்புக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரவைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். மறுநாள் காலையில் எனக்கு இரண்டு பக்கம் இல்லை. மறுபடி சேரலாமா என்று கேட்டு வந்தவளிடம், கதவுக்குப் பின்னால் ஒருத்தியை நிறுத்திவைத்துக்கொண்டு சரி என்றானே, அங்கே ரோஸ் முழுக்க முழுக்கத் தப்பு. அடுத்த முறை நண்பர்கள் வந்தால் இதைச் சொல்லி வாதாடுங்கள். அதற்கு முன்பே உங்கள் கணவரிடம் பேசிவிடுங்கள்.