ஸ்பானிங் ட்ரீ இயங்கியும் லூப் உண்டாவது ஏன்?

கேள்வி: மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்திருக்கிறோம், மூன்றிலும் ஸ்பானிங் ட்ரீ (உபரிப் பாதையை அடைத்து, தரவு வட்டமடிக்கும் லூப்பைத் தடுக்கும் நெறிமுறை) இயங்குகிறது. ஆயினும் சில நாட்களுக்கு ஒருமுறை வலையமைப்பு முழுவதும் ஸ்தம்பித்து, எல்லாப் போர்ட் விளக்குகளும் விடாமல் மின்னுகின்றன. இரண்டாவது, மூன்றாவது சுவிட்சுகளுக்கு இடையிலுள்ள ஃபைபரைக் கழற்றினால் உடனே சரியாகிறது. பழுது அந்த ஃபைபரில்தான் இருக்கிறதா?

பதில்: இருக்கலாம், ஆனால் கழற்றியதும் சரியானது அதற்குச் சான்றாகாது. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தைக் கழற்றினாலும் லூப் அறுந்துவிடும். நீங்கள் முதலில் அறிய வேண்டியது, வலையமைப்பு நன்றாக ஓடும் நாளில் எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட் தடுப்பு நிலையில் இருக்கிறது என்பதே.

அந்தப் போர்ட் தடுப்பில் நீடிக்க வேண்டுமானால், எதிர்முனையிலிருந்து பி.பி.டி.யு. என்னும் கட்டுப்பாட்டுச் செய்தி 2 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால், எதிரே வேறு சுவிட்ச் இல்லை என்று போர்ட் கருதிக்கொள்கிறது, ஸ்பானிங் ட்ரீயின் பழைய 802.1டி முறையில் 20 விநாடி காத்திருந்து, அடுத்த இரு நிலைகளில் 15 விநாடி வீதம் கழித்து, 50 விநாடியில் திறந்துகொள்கிறது. அதன் புதிய, வேகமான ரேபிட் முறையில் மூன்று செய்திகள் தவறினாலே, அதாவது 6 விநாடியில், பழைய தகவலைக் கைவிட்டுவிடும். ஐ.பி. பாக்கெட்டுக்கு உள்ளதுபோல் ஆயுள் எண் ஈதர்நெட் ஃபிரேமுக்கு (சுவிட்சுகள் கடத்தும் தரவுப் பொதி) கிடையாது என்பதால், திறந்த வட்டத்தில் நுழைந்த பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்குமான ஃபிரேம், தானாக அடங்காமல் புயலாகப் பெருகும். ஆகவே, ஸ்பானிங் ட்ரீ இயங்குகிறதா என்பதைவிட, செய்தி எங்கே தொலைகிறது என்று தேடுவதே பயன் தரும்.

சிஸ்கோ சுவிட்சானால் 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்' கட்டளையில் ஒவ்வொரு போர்ட்டின் கீழும், அனுப்பிய மற்றும் பெற்ற பி.பி.டி.யு. எண்ணிக்கை தெரியும். தடுப்புப் போர்ட்டில் பெற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, சரியாக 30 விநாடி கழித்து மீண்டும் பாருங்கள். 15 கூடியிருக்க வேண்டும். எதிர்முனையில் அனுப்பிய எண் 15 கூடி, இந்த முனையில் பெற்றது 9 மட்டுமே கூடினால், குற்றவாளி பெரும்பாலும் இடையிலுள்ள இணைப்புதான். ஒருமுறை நான் பார்த்த இணைப்பில் இரு முனைகளிலும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. நடுவிலிருந்த மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர்-செம்பு மாற்றி) ஒரு திசையில் மட்டும் எதையும் கடத்தவில்லை. விளக்கை நம்பி அரை நாளை வீணாக்கியது என் தவறு.

ஃபைபரில் ஓர் இழை மட்டும் கெடுவது இதற்குப் பெயர்போன காரணம். செம்புக் கேபிளில் ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸாகவும் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸாகவும் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) அமைந்துவிட்டால், நெரிசல் நேரத்தில் மட்டும் செய்திகள் தொலையும்; உங்களுடையதுபோல் விட்டுவிட்டு வரும் பழுதுகளில் இதையும் சோதியுங்கள். எதிர்முனையில் அனுப்பிய எண்ணே கூடவில்லையென்றால், அந்தச் சுவிட்சின் சி.பி.யு. திணறுகிறதா, அல்லது யாரோ அந்தச் செய்தியை அனுப்பாமலும் ஏற்காமலும் தடுக்கும் பி.பி.டி.யு. ஃபில்டரை இட்டுவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புயல் வீசும்போது சி.பி.யு. எப்படியும் 100 சதவீதத்தை எட்டும். எனவே காரணத்தையும் விளைவையும் பிரித்தறிய, லாகில் (நிகழ்வுப் பதிவில்) புயலுக்கு முந்தைய ஓரிரு நிமிடங்களைத்தான் படிக்க வேண்டும்.

லூப் இல்லாமலேயே லூப் போலத் தோன்றும் நிலையும் உண்டு. டோபாலஜி (இணைப்பமைப்பு) மாற்ற அறிவிப்பு வந்தால், பழைய முறையில் சுவிட்சுகள் கருவிகளின் மேக் முகவரிகளை (வன்பொருள் முகவரி) வழக்கமான 300 விநாடிக்குப் பதிலாக 15 விநாடியிலேயே மறந்து, ஃபிரேம்களை எல்லாப் போர்ட்டிலும் கொட்டத் தொடங்கும். அதே கட்டளையில் மாற்றங்களின் எண்ணிக்கையும், கடைசி அறிவிப்பு எந்தப் போர்ட் வழியே வந்தது என்பதும் இருக்கும். அந்த வழியே சுவிட்ச் சுவிட்சாகப் பின்தொடர்ந்தால், பெரும்பாலும் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் அமைப்பு) இடப்படாத ஒரு கணினிப் போர்ட்டிலோ, ஏறி இறங்கும் ஒரு இணைப்பிலோ போய் நிற்பீர்கள். ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுவதாக லாக் விடாமல் முறையிட்டால் மட்டும் அதை உண்மையான லூப் என்று கொள்ளுங்கள்.

பழுதைக் கண்டபின், தடுப்புப் போர்ட்டிலும் ரூட் போர்ட்டிலும் (தலைமைச் சுவிட்சான ரூட்டை நோக்கிய போர்ட்) லூப் கார்டு இடுங்கள். செய்தி நின்றால் போர்ட் திறந்துகொள்ளாமல் முடக்கத்துக்குப் போகும். ஃபைபர் இணைப்புகளின் இரு முனைகளிலும் ஒரு திசை மட்டும் செயலிழப்பதைக் கண்டறியும் யு.டி.எல்.டி.யை இயக்குங்கள். ரூட் யாரென்பதைத் தற்செயலுக்கு விடாமல், மைய சுவிட்சுக்கு 4096, அதன் மாற்றுக்கு 8192 என முன்னுரிமை எண் கொடுங்கள் (சிறிய எண்ணே முந்தும்). எல்லாமே 32768 என்று கிடந்தால், மிகச் சிறிய மேக் முகவரி கொண்ட சுவிட்சே ரூட்டாகும், அது அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன பழைய பெட்டியாகவும் இருக்கலாம். பயனர் போர்ட்டுகளுக்கு பி.பி.டி.யு. கார்டு போதும், ஃபில்டரை அங்கே இடாதீர்கள். யாராவது மேசைக்கடியில் ஒரு சிறு சுவிட்சின் இரண்டு கேபிள்களையும் சுவரில் செருகிவிட்டால், கார்டு அந்தப் போர்ட்டை மூடும். ஃபில்டரோ செய்தியை விழுங்கி லூப்பைக் கண்டும் காணாமல் விட்டுவிடும்.