எடை ஏறாத குழந்தைக்கு புரோபயாட்டிக் பாக்கெட் உதவுமா?

கேள்வி: என் மகளுக்கு 16 மாதம், எடை 7.6 கிலோ. பிறந்தநாளுக்கு அப்புறம் மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தோம். இட்லி, ரசம் சாதம், பால், பிஸ்கட் எல்லாம் சாப்பிடுகிறாள், எடைதான் ஏறவில்லை. "குடலில் நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு, தினமும் ஒரு புரோபயாட்டிக் பாக்கெட் கொடுங்க" என்கிறார் மருந்துக்கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய அந்தப் பாக்கெட், எடைக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள். அவர் சொன்ன காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு, தீர்வுதான் சரியில்லை.

குழந்தையின் வயதோடு சேர்ந்து அதன் குடல் பாக்டீரியாக் கூட்டமும் வளர்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்றுதான் பெருகுகின்றன. ஆறு மாதத்துக்குப் பிறகு பலவகை உணவு உள்ளே போகப் போக புதிய இனங்கள் குடியேறி, இரண்டு மூன்று வயதில் பெரியவர்களின் குடலை ஒத்த நிலைக்கு வருகிறது. சத்துக்குறைவான குழந்தைகளிடம் இந்த வளர்ச்சி பின்தங்கி நிற்கிறது என்பதை வங்கதேசத்தின் டாக்காவில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் காட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் ஜெஃப்ரி கார்டன் குழுவும், டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்தில் தஹ்மீத் அகமது குழுவும் சேர்ந்து செய்த வேலை அது. வழக்கமான சிகிச்சை உணவு கொடுத்தும், பின்தங்கிய பாக்டீரியாக் கூட்டம் முழுதாகத் தேறி நிலைக்கவில்லை.

அப்படியானால் பாக்டீரியாவையே வாயில் போட்டால் என்ன? ஆப்பிரிக்க நாடான மலாவியில் கடும் சத்துக்குறைவுள்ள 795 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை உணவோடு புரோபயாட்டிக்கும் அது வளர உதவும் நார்ப்பொருளும் சேர்த்துக் கொடுத்தும், 2009-இல் வந்த முடிவில் தேறியவர்களின் விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை. (ஒடிசாவில் பச்சிளம் குழந்தைகளுக்கு இதுபோன்ற கலவை கொடுத்ததில் ரத்தத் தொற்று குறைந்தது உண்மை. ஆனால் அது வேறு வயது, வேறு நோக்கம்.) ஏற்கெனவே கலைந்து கிடக்கும் குடலில், தின்பதற்கு ஏற்ற உணவு இல்லாமல் வெளியிலிருந்து வரும் பாக்டீரியா தங்குவது கடினம்.

அதனால் டாக்கா குழுவினர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பின்தங்கிய பாக்டீரியாக்கள் எந்த உணவில் வளரும்? எலி, பன்றிக்குட்டி என்று சோதித்து 2019-இல் ஒரு கலவைக்கு வந்தார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை மாவு, வாழைக்காய். இவற்றோடு எண்ணெய், சர்க்கரை, விட்டமின்கள். டாக்காவின் மிர்பூர் குடிசைப்பகுதியில், மிதமான சத்துக்குறைவுள்ள 12 முதல் 18 மாதக் குழந்தைகள் 123 பேரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு இந்தக் கலவை, மீதிப் பேருக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர் கலந்த வழக்கமான சத்துணவு. புதிய கலவையில் கலோரி குறைவு. இருந்தும் உயரத்துக்கேற்ற எடை கூடிய வேகம் அதில் ஏறத்தாழ இரு மடங்கு. கூடிய எடை சிறியதுதான், ஆய்வும் சிறியதுதான். ஆனாலும் என்னை மிகவும் கவர்ந்த முடிவு இது. எல்லாமே நம் சமையலறையில் கிடக்கிற பொருள்கள்!

அந்தக் கலவையை அப்படியே வீட்டில் செய்ய முயல வேண்டாம், அளவுகள் கணக்கிட்டவை. அதன் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் சாப்பாட்டில் மாவுச்சத்தும் பாலும்தான் அதிகம். ரசம் சாதத்துக்குப் பதில் கெட்டியான பருப்பு சாதம், மேலே ஒரு ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய். தினம் ஒரு முட்டை. குழைய வேகவைத்து மசித்த வாழைக்காயும் கொண்டைக்கடலையும். வேர்க்கடலையைப் பொடித்தோ அரைத்தோ கஞ்சியில் கலக்குங்கள்; முழுசாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். அங்கன்வாடி சத்துமாவு கிடைத்தால் விடாதீர்கள். தயிர் நல்ல உணவு, கொடுங்கள். மருந்தாக நினைக்க வேண்டாம். பிஸ்கட்டை நிறுத்துங்கள், பால் நாளுக்கு 400 மில்லி போதும். தாய்ப்பால் இன்னும் குடிக்கிறாள் என்றால் தொடருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்த ஆன்டிபயாட்டிக் சிரப். சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலும், 10 முதல் 14 நாள் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகமும், நிறுத்தாத சாப்பாடும்தான் சிகிச்சை. மலத்தில் ரத்தம், கடும் சத்துக்குறைவு போன்ற சில நிலைகளில் மருத்துவரே ஆன்டிபயாட்டிக் எழுதுவார். மற்ற நேரங்களில் அது வளர்ந்துவரும் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

எடைக்கு வருவோம். 16 மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 9.8 கிலோ; 7.7-க்குக் கீழே எடைக்குறைவு. உங்கள் மகள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறாள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, காசநோய் போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கன்வாடியில் நாடாவால் மேல்கைச் சுற்றளவும் அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். 11.5-க்குக் கீழே போனாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ, சாப்பிடவே மறுத்தாலோ வீட்டு உணவை நம்பி ஒரு நாளும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.