கொலுசு எடை 87க்குப் பதில் 4245 வருவது ஏன்?

கேள்வி: கொலுசுப் பட்டறையில் எடை கூட்ட பைத்தான் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு கொலுசு 42 கிராம், அதன் ஜோடி 45. கூட்டினால் 4245 என்கிறது. பிழை எதுவும் காட்டவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கூட்டலில் தப்பில்லை, உள்ளே போன சரக்குதான் எண் இல்லை. நீங்கள் அடிப்பதை வாங்கும் 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாக, அதாவது ஸ்ட்ரிங்காகத்தான் கொடுக்கும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவில் கூட்டல் குறி இருந்தால் பைத்தான் அவற்றை ஒட்டிவிடும். அதுவும் முறையான வேலைதான் என்பதால் பிழைச் செய்தி வராது. கழித்தல் போட்டிருந்தால் 'டைப் எரர்' என்று அப்போதே நின்றிருக்கும்.

எடை வாங்கும் வரியை இப்படி மாற்றுங்கள்:

எடை1 = ஃப்ளோட்(இன்புட்("முதல் கொலுசு: "))

ஃப்ளோட் அந்த ஸ்ட்ரிங்கைத் தசம எண்ணாக மாற்றும். ஃப்ளோட், இன்புட் இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எடை1 என்ற பெயர் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 ஏற்கும்.

'இன்ட்' போதாதா என்றால், அது முழு எண்ணுக்கு மட்டும். தராசு 42.350 காட்டும் நாளில் 'வேல்யூ எரர்' வந்து நிற்கும். '42 கிராம்' என்று அடித்தால் இரண்டுமே ஏற்காது.

ஃப்ளோட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கணினி பின்னத்தை இரும எண்ணாக வைப்பதால் 0.1 அச்சொட்டாக அடங்காது. 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 வரும். எடைக்கு, காட்டும்போது 'ரவுண்ட்' போட்டு மூன்று தசம இடத்தில் நிறுத்தினால் போதும். பணத்துக்கு அது போதாது. பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். அப்படி மாற்றும்போதும் கவனம்: 0.29-ஐ 100ஆல் பெருக்கி இன்ட் போட்டால் 28தான் கிடைக்கும். பெருக்கினால் 28.999999999999996 வருகிறது, இன்ட் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிகிறது. அங்கேயும் ரவுண்ட்தான் வேண்டும்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் அச்சிட, 'ஃபார்' சுழலில் ரேஞ்ச்(1, 20) கொடுத்தேன். 19-லேயே நின்றுவிடுகிறது.
– மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: ரேஞ்சில் இரண்டாவது எண் வெறும் எல்லை, கணக்கில் சேராது. ரேஞ்ச்(1, 21) என்று கொடுங்கள். வேண்டாத தொல்லை போலத் தோன்றும். ஆனால் எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும்: 21 − 1 = 20.

அடுத்து வளைவுகளை லிஸ்டில், அதாவது பட்டியலில் போடுவீர்கள், அங்கேயும் இடறும். லிஸ்ட் 0-விலிருந்து எண்ணும். 20 கேட்டால் 'இண்டெக்ஸ் எரர்' வரும், அது நல்லதுதான். 1 கேட்டால் இரண்டாம் வளைவைச் சத்தமில்லாமல் எடுத்து நீட்டும். வம்பு அதில்தான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த புரோகிராமை அப்படியே ஒட்டினேன், ஓடவில்லை.
– வாசகர், ஆத்தூர்

பதில்: மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், அல்லது வரிக்கு முன்னால் இருந்த இடைவெளி தொலைந்திருக்கும். குறிகளை அழித்து நேர்க்குறியாக அடியுங்கள். சுழலுக்குள் வரும் வரிகளுக்கு நான்கு ஸ்பேஸ் விடுங்கள், இடையில் டேப் கலக்க வேண்டாம். அடுத்த முறை கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.