கரையோரம் வீடு கட்டலாமா? துருவப் பனியும் வடகடலும்

கேள்வி: ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம், கரையிலிருந்து சுமார் 250 மீட்டர் உள்ளே ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. வீடு கட்டலாம் என்று இருக்கிறேன். துருவத்தில் பனி உருகுகிறது, கடல் ஏறும், அங்கே கட்ட வேண்டாம் என்கிறான் மகன். என் தகப்பனாரோ, "கடல் இங்கே பின்வாங்கித்தான் போயிருக்கிறது. அலை தொடாத உயரத்தில் பவளக்கல் நிற்கிறதே, பார்க்கவில்லையா?" என்கிறார். யார் சொல்வது சரி? பேஸ்மட்டம் எவ்வளவு உயர்த்த வேண்டும்?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தகப்பனார் காட்டும் கல்லுக்கும் மகனுடைய பயத்துக்கும் காரணம் ஒன்றே, துருவப் பனி. அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தீவின் வடகரையில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பவளம் தண்ணீருக்குள் மட்டுமே வளரும். வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கும் நேரத்தில், நீர் நிற்கும் மட்டத்துக்கு மேல் அதிகம் எழும்பாது. அலை உருட்டிக் கொண்டுவந்த கல்லாக இல்லாமல், வளர்ந்த நிலையிலேயே ஒரு பவளப்பார் கடல்மட்டத்துக்கு மேலே செத்து நிற்கிறது என்றால், அது உயிரோடு இருந்த காலத்தில் கடல் அந்த உயரத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் மேலெழுந்திருக்க வேண்டும். ஸ்டாடார்ட், கோபிநாத பிள்ளை என்ற இரு ஆய்வாளர்கள் ராமநாதபுரம் கரையின் இந்த உயர்ந்த பார்களைப் பற்றி 1972-இல் எழுதினார்கள். கார்பன் காலக்கணிப்பில் அவற்றின் வயது சுமார் 4,000 ஆண்டு என்று வந்தது. இந்தப் பக்கம் நிலமும் கொஞ்சம் எழுந்திருக்கலாம் என்ற பேச்சு உண்டு. ஆனால் துருவங்களுக்குத் தொலைவில் உள்ள பல வெப்பமண்டலக் கரைகளிலும் ஏறக்குறைய அதே காலத்துப் பழைய கடல்மட்டத் தடயங்கள், இன்றைய மட்டத்துக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் மேலே கிடைக்கின்றன. அதனால் இதை உள்ளூர்க் கதையாக மட்டும் பார்க்க முடியாது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேலும் வட ஐரோப்பாவின் மேலும் கிலோமீட்டர் கணக்கில் பனி கனத்துக் கிடந்தது. அவ்வளவு நீரும் பனியாக நிலத்தின் மேல் இருந்ததால் கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. உங்கள் வடகடல் பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அன்றைக்கு அது காய்ந்த நிலம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது. பெரிய உருகல் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய ஓய்ந்தது.

அதற்குப் பிறகும் பூமி ஓயவில்லை. பனியின் கனம் அழுத்தியபோது அதைச் சுற்றியிருந்த தரை புடைத்து எழுந்திருந்தது. கனம் போனதும் அந்தப் புடைப்பு மெல்ல இறங்கியது. அங்கே கடலடி பள்ளமாக, அந்தப் பள்ளத்தை நிரப்ப நிலநடுக்கோட்டுப் பக்கத்துக் கடல்களிலிருந்து நீர் போனது. புதிதாக வந்து சேர்ந்த கடல்நீரின் கனமும் கடலடியை அழுத்தி, கரைகளைச் சற்றே தூக்கிவிட்டது. நம்மைப் போன்ற கரைகளில் கடல் சில ஆயிரம் ஆண்டுகளில் ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியது இப்படித்தான். ஆக, தகப்பனார் பார்க்கும் பின்வாங்கல் பழைய உருகலின் பின்விளைவு. அதன் வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்றைய உலகச் சராசரி ஏற்றம் 2006 முதல் 2018 வரையிலான கணக்கில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கடல் இறங்கிய காலம் முடிந்துவிட்டது.

இனி மகனின் பயத்துக்கு வருவோம். பனி உருகினால் கடல் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடல் ஏறினால் அது பனியையும் அசைக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிரீன்லாந்தின் பனி பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மேலுள்ள நிலத்தில் கிடக்கிறது. மேற்கு அண்டார்டிகா அப்படியல்ல. அங்கே பனி உட்கார்ந்திருக்கும் தரையே கடல்மட்டத்துக்குக் கீழே, சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. தன் கனத்தால்தான் அது தரையில் ஊன்றி நிற்கிறது. ஆயிரம் மீட்டர் தடிமனுள்ள பனியை மிதக்கவிடச் சுமார் 890 மீட்டர் ஆழ நீர் போதும். வற்றத்தில் தரைதட்டி நிற்கும் வள்ளம், நீர் ஏற ஏற ஒரு கட்டத்தில் தானாக அசைந்து கிளம்புவதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். பனியின் ஓரத்துக்கும் அதுதான் நடக்கிறது. ஊன்றியிருந்த பனி மிதக்கத் தொடங்கினால் அடியில் பிடிமானம் போய்விடும். பின்னால் இருக்கும் பனி வேகமாகக் கடலுக்குள் வழியும். கடலை உயர்த்துவது அப்படிப் புதிதாக வந்து சேரும் பனிதான். ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி உருகினால் மட்டம் கூடுவது மிகச் சொற்பம்.

அங்கே தரை உள்நோக்கிச் சரிந்து இறங்குவதுதான் பெரிய கவலை. ஓரம் ஒரு அடி பின்வாங்கினால் இன்னும் ஆழமான தரைக்குத் தள்ளப்படுகிறது. அங்கே பனி இன்னும் தடிமன், வழிவதும் இன்னும் அதிகம். த்வைட்ஸ் என்ற ஒரே பனியாறு தமிழ்நாட்டைவிடப் பெரியது. அது முழுவதும் போனால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். நீர் ஏற்றத்தின்போது கடல்நீர் அதன் அடியில் கிலோமீட்டர் கணக்கில் நுழைந்து, வற்றத்தில் வெளியேறுவதைச் செயற்கைக்கோள் ராடார் படங்களில் கண்டு 2024-இல் வெளியிட்டார்கள். இன்று அதைக் கரைக்கும் முக்கியக் காரணம் அடியில் வந்து மோதும் வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர். கடல்மட்ட ஏற்றம் அதற்குத் துணை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கடல்மட்டத்தின் பங்கு மிகப் பெரியது. கடந்த 40,000 ஆண்டுகளில் வட அரைக்கோளப் பனி கூடிக் குறைந்ததால் கடல் இறங்கி ஏறியது, அது தெற்கே அண்டார்டிகாவின் பனியை வளரவும் சுருங்கவும் வைத்தது என்று நட்டாலியா கோமஸ் தலைமையிலான குழு 2020-இல் கணினி மாதிரிக் கணக்கில் காட்டியது. வடக்கில் உருகியது தெற்கைக் கரைத்தது.

இதற்கு ஒரு பிரேக்கும் உண்டு. அவ்வளவு பெரிய பனி தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த இழுப்பும் தளரும். அடித்தரையும் பாரம் குறைந்து எழும். அதனால் பனியின் அருகே கடல் இறங்கி, பின்வாங்கலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்த வட்டாரத்துக்கு அது நல்லது. நமக்கு இல்லை. அங்கிருந்து விலகும் நீர் தொலைவிலுள்ள கடல்களில்தான் வந்து சேரும். மேற்கு அண்டார்டிகா உருகினால் சராசரியைவிடக் கூடுதலாக வாங்கும் கடல்களில் இந்தியப் பெருங்கடலும் ஒன்று.

சரி, வீட்டுக்கு வருவோம். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி 2100-க்குள் உலகச் சராசரி ஏற்றம், உலகம் வெளியிடும் கரியமிலப் புகை மிகக் குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிக அதிகமானால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. பனி நிலைகுலைந்தால் இரண்டு மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் அது ஒதுக்கிவிடவில்லை. உங்கள் வீடு அறுபது ஆண்டு நிற்க வேண்டும் என்றால் நான் இரண்டடி ஏற்றத்தைக் கணக்கில் வைப்பேன். வடகடலில் ஏற்ற வற்ற வித்தியாசமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே இரண்டடி என்பது பெரிய மாற்றம்.

ஆனால் வீட்டை இடிப்பது இந்த மெதுவான ஏற்றம் அல்ல, அதன் மேல் ஏறி வரும் புயல் நீர். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது அதுதான், ரயிலையே அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட புயலுக்குப் பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்தினாலும் போதாது. எச்சரிக்கை வந்ததும் வெளியேறிவிட வேண்டும். மற்ற புயல்களுக்குத்தான் உயரம் உதவும்.

ஒரு பொறியாளரை அழைத்து, லெவல் கருவி வைத்து, பௌர்ணமி அமாவாசையில் நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து உங்கள் மனை எவ்வளவு உயரம் என்று அளந்து வாங்குங்கள். 250 மீட்டர் தூரம் என்பது எதையும் சொல்லாது, உயரம்தான் பேசும். வாடைக் காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் நின்றதா, எதுவரை நின்றது என்று பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த அடையாளத்துக்கு மேல் மூன்றடி உயரத்தில் பேஸ்மட்டம் முடியட்டும். இரண்டடி கடலேற்றத்துக்கு, ஒரு அடி அலைக்கு. மனையே உச்சக் கோட்டுக்கு ஒன்றரை மீட்டர்கூட மேலே இல்லை என்றால் மண் கொட்டி உயர்த்தாமல் தூண்களின் மேல் கட்டுங்கள், அல்லது உள்ளே வேறு இடம் பாருங்கள். மழையையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடல் உயர உயர அந்த நீர் வடிய இன்னும் நேரம் பிடிக்கும்.

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. உங்கள் இடம் அதற்குள் வருவதால் பிளான் ஒப்புதலோடு அந்த அனுமதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்கு முன்பே பாதிக்கப்படுவது அதுதான். கடலோர மணலில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நல்ல நீர் இருக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை இறக்கிவிட்டால், அடியிலிருந்து உப்பு ஏறி வரும். கடல் ஏறினாலும் இந்தக் கணக்கு சுருங்கும். ஆழமாகப் போர் போடாதீர்கள். அகலமான ஆழமில்லாத கிணறாக வெட்டி, மாடி மழைநீரை அதன் பக்கத்து மணலில் இறக்குங்கள். செப்டிக் டேங்கை அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, அடியும் பக்கமும் பூசி மூடியதாகக் கட்டுங்கள்.