பிரிகாம் யங் கடிதம்: கையெழுத்து மாறியிருந்தால் போலியா?

வணக்கம். அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவ சபைக்கு அன்று தலைவராக இருந்த பிரிகாம் யங்கின் 1850களின் கடிதம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, உள்ளே ஒரு கையெழுத்து, கையொப்பம் வேறு கை, இது போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தாமஸ் புல்லக் போன்ற எழுத்தர்கள் எழுத, இவர் கையொப்பமிடுவார். அவரே எழுதியவற்றில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். முழுக் கடிதமும் பிழையே இல்லாமல் அவர் கையில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கடிதங்களை அனுப்புமுன், ஈரமான மெல்லிய தாளை மேலே வைத்து அழுத்தி, மை ஒற்றிய நகலைப் புத்தகமாகச் சேர்த்தார்கள். சால்ட் லேக் சிட்டியிலுள்ள மார்மன் சபையின் வரலாற்று நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. தேதி, பெறுநர் பெயர் வைத்துத் தேடி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். யார் யார் கை மாறி வந்தது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். 1980களில் மார்க் ஹாஃப்மன் செய்த போலி மார்மன் ஆவணங்களில் நிபுணர்களே ஏமாந்தார்கள். இவற்றைச் சரிபார்க்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.