மொரிஸ் மைனர் வாங்கலாமா? முதலில் காரின் தரையைப் பாருங்கள்

லண்டன் ஹரோவில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 44. அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு மொரிஸ் மைனர் வைத்திருந்தார். இப்போது எங்களோடு இருக்கிறார், இன்றைக்கும் அந்தக் காரைப் பற்றித்தான் பேச்சு. 1963ஆம் ஆண்டு மைனர் 1000 ஒன்று, நான்கு கதவு, இளம்பச்சை, 6,500 பவுண்டுக்கு வந்திருக்கிறது. எஞ்சினை முழுதாகச் செய்திருப்பதாக விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா? லண்டனுக்குள் ஓட்டலாமா? ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறுபது வருடத்துக் காரில் அப்படி என்ன மயக்கம் என்று மனைவி கேட்கிறார்."

மனைவியின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மைனருக்கு முன்னால் நேராக நின்று போனெட்டைப் பாருங்கள். நடுவே நெடுகத் தட்டையாக ஒரு பட்டை ஓடும். காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு, எல்லாம் முடிந்து தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில், கார் ஒடுங்கலாக இருப்பதாகப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் வந்ததும் "இதுதான்" என்று நிறுத்தினார். அந்த நான்கு அங்குலம்தான் நீங்கள் பார்க்கும் பட்டை. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இந்தக் கார் வெளிவந்தது. பதினொரு வருடம் கழித்து மினியைச் செய்தவரும் இவரே.

ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, கையால் தள்ளித் தீர்மானித்த கார் இது. அதனால் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளவும் முடிகிறது. போனெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி நிலம் தெரியும். கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் கைக்கு எட்டும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று அடித்து, பெற்றோல் நிரம்பியதும் அடங்கும். அடங்காவிட்டால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. கணினி தேவையில்லை, காரே சொல்லிவிடும். அக்சிலரேட்டரில் இருந்து கால் எடுத்ததும் சைலன்சரில் இருந்து ஒரு "பர்ர்ப்" சத்தம் வரும். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், வாயாலேயே செய்து காட்டுவார்.

உதிரிப்பாகம் இன்னொரு காரணம். 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒன்று சேர்ந்த பிறகு மைனருக்கு ஒஸ்டினின் ஏ சீரிஸ் எஞ்சின் வந்தது. முதலில் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. இதே குடும்பத்து எஞ்சின்தான் மினியில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. மைனர் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் செய்யப்பட்டன. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். ஆகவே இன்றைக்கும் பிரேக் சிலிண்டரில் இருந்து கதவு ரப்பர் வரை புதிதாக வாங்கலாம். இதில் நமக்கும் பங்கு உண்டு. இலங்கையில் இறக்குமதி இறுகிய காலத்தில் அங்கிருந்த மெக்கானிக்குகள் இந்தக் கார்களைச் சாக விடாமல் வைத்திருந்தார்கள். 1990களில் இலங்கையில் அடித்த மைனர் தகட்டுப் பாகங்கள் இங்கிலாந்துக்கே வந்து இறங்கின. எனக்கு அதில் பெரிய பெருமை.

சரி, உங்கள் காருக்கு வருவோம். எஞ்சினைச் செய்தது நல்லதுதான், ஆனால் அதற்காக வாங்காதீர்கள். எஞ்சின் பழுதானால் ஒரு சனி ஞாயிறில் இறக்கி ஏற்றிவிடலாம், இன்னொன்று தேடி வாங்கலாம். கறள் அப்படியல்ல. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடல்தான் சட்டகம். அடித் தகடு போனால் காரே போன மாதிரி. வெல்டிங் கூலி, நீங்கள் கொடுக்கப்போகும் விலையையும் தாண்டிவிடும்.

போகும்போது ஒரு டோர்ச், ஒரு காந்தம், மழுங்கிய ஒரு ஸ்க்ரூ டிரைவர், முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கு கொண்டு போங்கள். முன் ஆசனத்துக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பிறகு கீழே படுத்து, அதே இடத்துக்கு நேர் கீழே குறுக்காகப் போகும் பெட்டி போன்ற தகட்டைத் தேடுங்கள். முன் சில்லுகளின் பாரத்தைத் தாங்கும் நீளக் கம்பிகளான டோர்ஷன் பார்கள் பின்பக்கம் வந்து பிடித்திருப்பது இதில்தான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு "டங்" என்று சொல்லும், உளுத்தது மட்டையில் தட்டியது போல ஊமையாக இருக்கும். அப்புறம் பின் வில் தகடுகள் மாட்டியிருக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே நெடுக ஓடும் "சில்" என்ற தகட்டுப் பகுதி, முன் மட்காட்டின் அடிநுனி. காந்தம் பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பூச்சுதான் இருக்கிறது. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருந்தால் உடல் நடுவில் தொய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு தடிப்பாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருமுறை நண்பர் ஒருவருக்காகக் கார் பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கம்பளத்தைத் தூக்கி, பூச்சை நகத்தால் சுரண்டினேன். ஒரு தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு, அதற்கு மேல் இன்னொன்று, நடுவில் மடித்து வைத்த செய்தித்தாள். அந்தக் காரில் குழந்தைகளை ஏற்றிப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

அடுத்தது ட்ரனியன். முன் சில்லைத் தாங்கும் தண்டு, மேலும் கீழும் மரை போட்ட இரண்டு கட்டைகளுக்குள் திரும்பும். கிறீஸ் போகாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் தண்டு கழன்று சில்லு அப்படியே மடங்கி விழும். ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வாங்கினால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஜாக்கில் தூக்கி வைத்தே கிறீஸ் அடியுங்கள். இதில் சோம்பல் கூடாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் போனெட்டில் கை வைத்துப் பாருங்கள். பழைய எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்தது. இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லை, அதனால் வால்வு உட்காரும் இடம் தேயும். ஆகவே எஞ்சினைச் செய்தபோது கடின வால்வு இருக்கைகள் போட்டார்களா என்று கேட்டு, ரசீதைப் பாருங்கள். 2021இல் இருந்து சாதாரண பெற்றோல் இங்கே இ10. அதிலுள்ள எத்தனோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். எத்தனோல் குறைந்த இ5 சூப்பர் அடியுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

லண்டன் விஷயத்தில் கவலை வேண்டாம். நாற்பது வயது தாண்டி, பதிவுப் புத்தகத்தில் வரலாற்று வாகனம் என்று பதிந்திருந்தால் சாலை வரி இல்லை, புகை மாசுக்காக வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. பெரிதாக மாற்றாத காருக்கு, வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையான எம்ஓடியும் கட்டாயமில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் செய்யுங்கள். வாங்கும் முன்பே உங்கள் செலவில் ஒரு எம்ஓடி செய்யலாமா என்று கேளுங்கள். கையைப் பிசைகிறார் என்றால் பேசாமல் திரும்பி வாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1963ஆம் ஆண்டுக் காரில் பின்னால் ஆசனப் பட்டி இராது. பட்டி இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றுவது சட்டப்படியே கூடாது. மூத்த பிள்ளை பின்னால் இருக்கலாம் என்று சட்டம் விட்டாலும், பட்டி போடாமல் நான் ஏற்றமாட்டேன். தெரிந்த கராஜில் கொடுத்து, தகட்டுக்கு உள்ளே பலப்படுத்தி, மூன்று முனைப் பட்டி போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு தொகையை விலையில் இருந்து ஒதுக்கி வையுங்கள். இதற்கும் நல்ல அடித்தகடு வேண்டும், கறள் பிடித்த இடத்தில் மாட்டிய பட்டி எதையும் பிடிக்காது.

தினமும் வேலைக்கு எடுத்துப் போக நினைக்காதீர்கள். 48 குதிரைத்திறன், நான்கு சில்லிலும் டிரம் பிரேக். 50 மைல் வேகத்தில் ஆனந்தமாக ஓடும். மோட்டார்வேயில் லொறிகளுக்கு நடுவே விட்டால் காருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். முன்னால் போகும் கார் ஒரே மிதியில் நின்றுவிடும், உங்களுடையது நிற்காது. இடைவெளியை இரட்டிப்பாக விடுங்கள்.

தகடு நன்றாக இருந்தால் 6,500 நியாயமான விலை. நான்கு கதவு என்பது நல்ல தேர்வு, அப்பா ஏறி இறங்க லேசு. பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் கீழே படுத்திருக்கும் நேரம் அவர் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்து கியரை மாற்றிப் பார்க்கட்டும். ஓடும்போதே கியரை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, கார் முழுதாக நின்ற பிறகுதான் விழும். அவருக்கு அது நினைவிருக்கும்.