வாசகர் கேள்வி–பதில்: கமடோர் 64-ஐ ஆன் செய்யும் முன்

கேள்வி: மாமா பயன்படுத்திய கமடோர் 64 கணினியும் அதன் பவர் சப்ளையும் பிளாப்பி டிரைவும் பரணிலிருந்து கிடைத்தன. முப்பது ஆண்டுகளாக எவரும் தொடாதவை. உடனே இணைத்து ஆன் செய்து பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஆவல் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணினிகள் பல, பெட்டிக்குள் கிடந்த முப்பது ஆண்டுகளில் கெடாமல் இருந்து, வெளியே வந்த முதல் அரை மணி நேரத்தில்தான் கெட்டுப்போகின்றன. காரணம் கணினியில் இல்லை, பவர் சப்ளையில் இருக்கிறது.

1982-இல் விற்பனைக்கு வந்த இந்தக் கணினிக்கு வெளியிலிருந்து இரண்டு வகை மின்சாரம் செல்கிறது: 5 வோல்ட் டி.சி., 9 வோல்ட் ஏ.சி. இவற்றுள் 5 வோல்ட்டைச் சீராக நிறுத்தி வைக்கும் ரெகுலேட்டர், பழைய சப்ளைகள் பலவற்றில் கெட்டியான பிசினுக்குள் புதைக்கப்பட்டிருப்பதால், சூடு வெளியேற வழியின்றி நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு பவர் சப்ளை பழுதானால் மின்சாரம் வராமல் நின்றுபோகும், அவ்வளவுதான். இதுவோ பழுதாகும்போது 5 வோல்ட்டைத் தாண்டிக் கூடுதலான அழுத்தத்தை அனுப்பிவிடக்கூடியது. அப்போது முதலில் பலியாகுபவை நினைவகச் சிப்புகள்.

மல்டிமீட்டரில் அளந்து பார்த்து, 4.75-க்கும் 5.25-க்கும் இடையே காட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. குளிர்ந்த நிலையில் ஒழுங்காக இருக்கும் ரெகுலேட்டர், சூடேறிய பின்பு தன் குணத்தைக் காட்டுவதுண்டு. புதிதாகத் தயாரிக்கப்பட்ட சப்ளை ஒன்றை வாங்குங்கள். அதுவரை கணினியை மூடியே வையுங்கள். பழைய சப்ளையை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், பிளக்கில் மட்டும் செருக வேண்டாம்.

கேள்வி: புதிய பவர் சப்ளை வாங்கிவிட்டேன். சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கணினி செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கறுப்புத் திரை என்பது இந்த இயந்திரத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நோய்க்குறி. அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு சிப்புகளே இருக்கும்.

என் முதல் சந்தேகம் பி.எல்.ஏ. எனப்படும் சிப்பின் மீது விழும். இதன் வேலை என்னவென்று தெரிந்துகொண்டால், அது கெட்டால் ஏன் எல்லாமே நின்றுவிடுகிறது என்பது விளங்கும். 6510 செயலியால் மொத்தம் 64 கிலோபைட் முகவரிகளைத்தான் எட்ட முடியும்; ஆனால் கணினிக்குள் 64 கிலோபைட் ராம் (எழுதி அழிக்கக்கூடிய நினைவகம்) இருப்பதோடு, 20 கிலோபைட் ரோமும் (மாற்ற முடியாத நிரந்தர நினைவகம்), திரைக்கும் ஒலிக்கும் உரிய சிப்புகளும் இருக்கின்றன. ஒரே முகவரிக்கு இருவர் குடியிருக்கும் இந்த நெருக்கடியில், எந்த நேரத்தில் எவர் கதவைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது பி.எல்.ஏ.தான். இது வேலை செய்யும்போதே நன்றாகச் சூடாகும் சிப். ஆகவே வயதும் விரைவில் ஏறுகிறது. இதற்கு நம்பகமான மாற்றுச் சிப்புகள் இன்று புதிதாகக் கிடைக்கின்றன.

அடுத்த சந்தேகம் ராம். தொடக்ககால போர்டுகளில் எட்டு ராம் சிப்புகள் உண்டு; அவை நினைவகத்தை எட்டுத் துண்டாகப் பங்கிட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் ஆளுக்கொன்றாகச் சுமக்கின்றன. அதனால் எட்டில் ஒன்று படுத்தாலும் ஒரு பைட்கூட உருப்படியாகத் தேறாது. சென்ற மாதம் ஒரு நண்பரின் கணினியைத் திறந்து, ஆன் செய்து, சிறிது நேரம் கழித்து எட்டுச் சிப்புகளையும் விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஏழு வெதுவெதுப்பாக இருந்தன. ஐந்தாவது மட்டும் விரலை உடனே இழுக்க வைத்தது. அதை மாற்றியதும் நீலத் திரையில் 38911 பைட் காலியாக இருப்பதாக வழக்கமான அறிவிப்பு வந்தது. அந்த எண்ணை நீங்களும் கவனித்து வாருங்கள்: கணினி ஆன் ஆகும்போது நினைவகத்தைச் சோதித்துக்கொண்டே போய்ப் பழுது கண்ட இடத்தில் நின்றுவிடும் என்பதால், எண் குறைந்து காட்டினால் ராமில் கோளாறு இருக்கக்கூடும்.

ஒரு வேண்டுகோள். கெட்ட சிப்பைக் கழற்றும்போது முழுதாகப் பிடுங்காதீர்கள். அதன் கால்களை நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுங்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு சாக்கெட் வையுங்கள். சிப்பு போனால் வேறொன்று வாங்கிவிடலாம், போர்டின் செப்புத்தடம் பெயர்ந்தால் அதைச் சீராக்குவது பெரும் பாடு.

கேள்வி: மஞ்சளாகிப்போன மேல்மூடியை வெளுக்க வைக்கலாமா?

பதில்: ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். ஆனால் மஞ்சள் மீண்டும் திரும்பக்கூடும்; சீராகத் தடவாவிட்டால் திட்டுத்திட்டாகவும் ஆகும். நான் என்னுடையதை அப்படியே விட்டுவிட்டேன்.

கேள்வி: எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளில்) எல்லா விளையாட்டுகளும் ஓடுகின்றனவே, பழைய இயந்திரத்தோடு ஏன் இவ்வளவு போராட வேண்டும்?

பதில்: எமுலேட்டரை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன், அதை உருவாக்கியவர்களின் உழைப்பு வியக்கத்தக்கது. எனினும், இந்தக் கணினியின் ஒலியைத் தரும் சிட் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாப் யானஸ் வடிவமைத்த இந்தச் சிப்புக்கு மூன்று குரல்கள் உண்டு. அவற்றின் நாதத்தை மாற்றியமைக்கும் ஃபில்டர் அனலாக் வகையைச் சேர்ந்தது. முதலில் வந்த 6581 வகையில் இந்த ஃபில்டர் சிப்புக்குச் சிப்பு வேறுபடும். ஒரே பாடலை இரண்டு கணினிகளில் ஒலிக்கவிட்டால், ஒன்றில் அடைத்த தொண்டையாகவும் மற்றொன்றில் திறந்த குரலாகவும் கேட்கும். எமுலேட்டர் அவற்றுள் ஏதோ ஒன்றை மாதிரியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் மாமா கேட்ட குரல் அவருடைய சிப்பில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் பவர் சப்ளையைப் பற்றி அவ்வளவு கடுமையாகச் சொன்னேன்.

கேள்வி: பெட்டியில் நாற்பது பிளாப்பிகளும் இருந்தன. சிலவற்றில் மாமாவே எழுதிய புரோகிராம்கள் இருக்கலாம். எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: உண்மையில் அவசரப்பட வேண்டிய வேலை இதுதான். கடையில் விற்ற விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் நகல்கள் உலகில் எங்காவது இருக்கும். மாமா எழுதியதற்கு அந்தப் பிளாப்பியைத் தவிர வேறு பிரதி இல்லை.

முதலில் ஒவ்வொரு பிளாப்பியின் ஓரத்திலும் உள்ள சதுர வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். அதன் பின் டிரைவ் அதன்மேல் எதையும் எழுதாது. நடுவிலுள்ள திறப்பு வழியே வெளிச்சத்தில் பார்த்து, வெள்ளையாகப் பூஞ்சை படிந்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள். ஒரு பூஞ்சைத் தட்டு, டிரைவில் தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டை அழுக்காக்கினால், அடுத்து வரும் நல்ல தட்டுகளையும் அது கீறிவிடும். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு பிளாப்பியை முதலில் வைத்துச் சோதியுங்கள்.

பின்னர் ஒவ்வொன்றையும் முழுமையாக ஒரே கோப்பாக நகலெடுங்கள். ஒரு பக்கத்தில் 170 கிலோபைட்தான் அடங்கும் என்பதால் நாற்பதும் சேர்ந்தாலும் இன்றைய கணக்கில் ஒன்றுமில்லை. மேலுறையில் மாமா கையால் எழுதிய தலைப்பைப் படமெடுத்து, அந்தக் கோப்போடு சேர்த்தே வையுங்கள்.